முந்நூறு ரூபாய் சிம்: உவர்மலை அடிவாரத்திலிருந்து பாதி மறுப்பு

வாசகர் கேள்வி, 2023 பெப்ரவரி 18

மாதம் முந்நூறு ரூபாய்க்கு மேல் கைத்தொலைபேசிக்குச் செலவழிக்கிறவர் காசைக் கடலில் கொட்டுகிறார். நான் நிலாவெளியில் இருக்கிறேன். முன்கூட்டிக் காசு போட்டுப் பேசும் மலிவான முற்கொடுப்பனவு சிம் ஒன்றுதான் வைத்திருக்கிறேன். ஒரு குறையும் இல்லை. பழைய சிம்மை ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? திருகோணமலையில் மறுப்பவர் யாராவது உண்டா?

2023 பெப்ரவரி 18, இரவு

நான் மறுக்கிறேன். முழுவதும் அல்ல, பாதி.

மீன் மொத்த வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றிவிட்டது. போனுக்குப் போடும் ஒவ்வொரு ரீலோட்டையும் ஒரு சீ.ஆர். கணக்குக் கொப்பியில் குறித்து வைக்கிறேன். மனைவி இதை வியாதி என்கிறாள். ஜனவரிக் கணக்கு இது: பழைய சிம்முக்கு 650 ரூபாய், புதிய மலிவு சிம்முக்கு 290 ரூபாய், ஆக 940. மலிவு சிம் முந்நூறுக்குள் நின்றது உண்மை. ஆனால் அதை மட்டும் நம்பியிருந்தால் அதே ஜனவரியில் மூன்று வியாபாரிகள் முதலாளியை விட்டுப் போயிருப்பார்கள்.

இரண்டாவது சிம்மை வாங்கியதே கோபத்தில்தான். சென்ற ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி வற் எனும் பெறுமதி சேர் வரி 12 வீதத்திலிருந்து 15 வீதமானது. அந்தச் சூடு ஆறுவதற்குள் 5ஆம் திகதி கைத்தொலைபேசிக் கட்டணம் 20 வீதம் ஏறியது. வழக்கமாக ஒரு வாரம் வரும் ரீலோட் ஐந்தாம் நாள் மாலையில் தீர்ந்துவிட்டது. கடைக்காரப் பையனோடு சண்டை பிடித்தேன். அவன் பாவம், அவன் என்ன செய்வான்? "அண்ணா, வேறு சிம் ஒன்று இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்" என்றான். எடுத்தேன்.

2023 பெப்ரவரி 19

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 940 அல்ல, 890. பழைய சிம் கணக்கில் ஐம்பது ரூபாய் தம்பியின் போனுக்குப் போட்டது. கணக்கப்பிள்ளை வீட்டுக் கணக்கில் பிழை விட்டதை முதலாளிக்குச் சொல்லிவிடாதீர்கள்.

2023 பெப்ரவரி 23

நிலாவெளிக்காரருக்கு ஏன் குறை தெரியவில்லை என்று யோசித்தேன். நிலாவெளி தட்டையான கரை. ஹோட்டல் இருக்கிற இடத்துக்குக் கைத்தொலைபேசிக் கோபுரம் தானாக வரும். எங்கள் ஒழுங்கைக்கு வந்து பாருங்கள். உவர்மலைச் சரிவின் கீழே, கல்மதில் வைத்த பழைய வீடு. பழைய சிம்மில் கூடத்தில் சிக்னல் மூன்று கோடு காட்டும். மலிவு சிம்மில் கூடத்தில் ஒன்று, சமையலறையில் பூச்சியம். கிணற்றடிக்குப் போனால் மூன்று. கப்பிக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் இடையில் ஓரடி இடம் இருக்கிறது. அங்கே நின்று, வலது காதில் வைத்து, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பினால் பேச்சு தெளிவாகக் கேட்கும். இடது காதுக்கு மாற்றினால் விட்டு விட்டு வரும். அயல்வீட்டு அக்கா இதற்குக் "கிணற்றடிக் கந்தோர்" என்று பெயர் வைத்துவிட்டார். என்னைத் தேடி வருகிறவர்களிடம் "அவர் கந்தோரில் இருக்கிறார்" என்று பின்பக்கம் கைகாட்டுகிறார்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 1800, 2100 என்று மேலே போகப் போகத் தரவு கூடுதலாகக் கொள்ளும். சுவர் என்றால் தயங்கும், மலை என்றால் நின்றுவிடும். கோபுரங்கள் நெருக்கமாக இருந்தால் இந்தக் குறை தெரியாது. ஐதாக இருந்தால் மேட்டின் நிழலில் இருக்கிறவன் கிணற்றடிக்குப் போகவேண்டியதுதான். இதே சிம் கடற்கரையில் துள்ளி விளையாடுகிறது. ஆகவே "நல்ல சிம், கெட்ட சிம்" என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எந்த ஒழுங்கை என்று கேளுங்கள்.

2023 மார்ச் 2

கடலில் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் முதலாளிக்கு மீன் கொடுக்கிற ஃபைபர் படகுக்காரர்களைக் கேட்டேன். கரையில் ஒரு கோடு காட்டும் போன் இரண்டு மூன்று மைல் வெளியே போனதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறதாம். நீருக்கு மேல் மறைப்பு இல்லை, அதனால்தான். மூதூருக்கு லோஞ்ச் படகில் போன காலத்தில் நானே கண்டிருக்கிறேன். கொட்டியாரக் குடாவின் நடுவில் கிடைத்த சிக்னல் வீட்டுக் கூடத்தில் கிடைத்ததில்லை.

அதற்கும் எல்லை உண்டு. பழைய ஜிஎஸ்எம் (2ஜி) முறையில் வழக்கமாகக் கோபுரத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றருக்கு அப்பால் இணைப்பு எடுக்காது. சிக்னல் பலமாக இருந்தாலும் எடுக்காது. போன் அனுப்பும் துடிப்பு தனக்கு ஒதுக்கிய நேரத்துக்குள் கோபுரத்தை எட்டவேண்டும். அதற்கு மேல் தூரமென்றால் பிந்திவிடும். பலநாள் படகுக்காரர்கள் வானொலிக் கருவி வைத்திருப்பதன் காரணம் இப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருடமும் ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன்.

2023 மார்ச் 2, பிந்தி

நல்ல சிக்னலுக்காகப் படகு வாங்கலாமா என்று கேட்ட கிண்ணியா நண்பருக்கு: படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் விலையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

2023 மார்ச் 15

நிலாவெளிக்காரர் மறுபடியும் வந்து, "இரண்டு சிம் எதற்கு? ஒன்றைத் தூக்கி எறியும்" என்கிறார். எறிய முடியாத கதையைச் சொல்கிறேன்.

அம்மா மூதூர் கிழக்கில் உள்ள சேனையூரில் இருக்கிறார். 2006இல் போரினால் மூதூர் கிழக்குச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. எங்கள் உறவினர் பாதிப் பேர் மட்டக்களப்புப் பக்கம் போனார்கள், பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். திரும்பி வந்த பிறகு அம்மாவுக்கு ஒரு பட்டன் போனும் சிம்மும் வாங்கிக் கொடுத்தேன். அந்த எண்ணை அவர் துண்டுத் தாளில் எழுதி, போகிற வருகிற ஆட்களிடமெல்லாம் கொடுத்து அனுப்பினார். அப்படித்தான் ஒவ்வொரு சொந்தமாகத் திரும்பக் கிடைத்தது. கடைசியாக ஒரு சித்தி அழைத்தது மூன்று வருடம் கழித்து. இன்னும் ஒருவர் அழைக்கவில்லை. அந்த ஒருவருக்காக அம்மா எண்ணை மாற்றமாட்டார். எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு நிறுவனத்தை மாற்றும் வசதி இலங்கையில் இன்னும் வரவில்லை. ஆகவே அம்மா பழைய வலையமைப்பில்தான் இருப்பார். அவருக்கு மலிவாக அழைக்க எனக்கும் அதே வலையமைப்பு வேண்டும். மலிவு சிம்மின் இலவச நிமிடங்கள் அந்த மலிவு நிறுவனத்து எண்களுக்கு மட்டும். என் போனில் மீன் வியாபாரத் தொடர்புகள் 64 இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். அதில் மலிவு சிம் வலையமைப்பில் இருப்பவர்கள் ஐந்து பேர். அந்த ஐவரில் ஒருவர் என்னோடு பேசுவதில்லை.

அம்மாவின் போன் இருக்கும் இடத்தையும் சொல்லவேண்டும். விறாந்தைத் தூணில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு சொப்பிங் பை. பைக்குள் போன், பின்மூடி கழராமல் இருக்க இறப்பர் பட்டி போட்டது. வீட்டில் சிக்னல் நிற்கிற ஒரே உயரம் அதுதான். மணி அடித்தால் அம்மா குந்தில் ஏறி நின்று, பையை வெளியே எடுக்காமல், பொலித்தீனுக்கு மேலாகவே பச்சைப் பொத்தானை அமத்துவார். பிறகு பையோடு பேசுவார். பை சரசரக்கும். அந்தச் சரசரப்புக் கேட்டால்தான் எனக்கு அம்மாவோடு பேசிய மாதிரி இருக்கும்.

அவர் எனக்கு அழைப்பதே இல்லை. மிஸ்ட் கோல் மட்டும். ஒன்று என்றால் "சும்மா", இரண்டு என்றால் "உடனே எடு". போன மாதம் மூன்று வந்தது. பதறிப்போய் எடுத்தேன். "மகன், விரல் தவறிவிட்டது" என்றார்.

2023 ஏப்ரல் 9

அழைப்புக் கட்டணம் எப்போது இவ்வளவு மலிந்தது என்று இளைஞர் ஒருவர் கேட்டார். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கட்டினோம். கடன்காரன் அழைத்தாலும் நம் காசுதான்! போன் அடித்தால் எடுப்பதா விடுவதா என்று குடும்பமே கூடிப் பேசும். பிறகு போட்டி வந்தது. 2009 ஜனவரியில் எயார்டெல் ஐந்தாவது நிறுவனமாக இறங்கியதும் விலைப் போர் மூண்டது. அடுத்த ஆண்டு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தலையிட்டு ஒரே வலையமைப்புக்குள் நிமிடத்துக்கு 1.50 ரூபாய், வேறு வலையமைப்புக்கு 2 ரூபாய் என்று நிர்ணயித்தது. மலிவுக்குக் காரணம் அந்த ஆணைக்குழுதான்.

2023 ஏப்ரல் 11

மேலே எழுதியதன் கடைசி வரி தலைகீழ். 2010இல் வந்தது உச்ச விலை அல்ல, அடிமட்ட விலை. அதாவது "இதற்குக் கீழே விற்காதே" என்ற கட்டளை. நிறுவனங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அதற்கும் கீழே போய்க்கொண்டிருந்தன. அப்படியே விட்டால் எல்லாம் சேர்ந்து மூழ்கும் என்றுதான் அணை கட்டினார்கள். சுட்டிக்காட்டிய தபால்கந்தோர் வீதி ஐயாவுக்கு நன்றி. மீன் சந்தையிலேயே இருக்கிறேன், அங்கே யாரும் "இதற்குக் குறைத்து விற்காதே" என்று சொல்லிக் கேட்டதில்லை. அதனால்தான் புத்தி அப்படிப் போகவில்லை.

2023 ஜூன் 20

அம்மாவின் போனில் காசு கரைகிறது. அவர் யாருக்கும் அழைப்பதில்லை, ஆனால் போட்ட நூறு ரூபாய் மாதத்துக்கு முன்பே முடிகிறது. போய்ப் பார்த்தேன். தினமும் ஒரு குறுஞ்செய்தி: ராசிபலன், சிங்களத்தில். அம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. எப்போதோ திரையில் தானாகத் தோன்றிய செய்தியை மறைக்க "சரி" என்ற பொத்தானை அமத்தியிருக்கிறார், அவ்வளவுதான். நாளுக்கு மூன்று ரூபாய். 41 நாள். 123 ரூபாய். நிறுவனத்துக்கு அழைத்தால் இசை கேட்டுக்கொண்டு இருபது நிமிடம் நிற்கவேண்டும். கடைசியில் மூதூர்க் கடை ஒன்றில் ஒரு பையன் அரை நிமிடத்தில் நிறுத்திக் கொடுத்தான். போன காசு போனதுதான்.

மலிவு சிம்மில் இப்படி நடக்காதா என்று கேட்காதீர்கள். அதிலும் நடந்தது, கிரிக்கெட் ஓட்டக் கணக்கு. நான் அதை வாசித்தேன் என்பதால் கோபம் குறைவு.

அம்மா கேட்டார்: "அதில் எனக்கு என்ன பலன் போட்டிருந்தது?" கடைப் பையனிடம் வாசிக்கச் சொன்னேன். "எதிர்பாராத செலவு" என்றான். நான் கற்பனை செய்யவில்லை.

2023 ஓகஸ்ட் 6

நிலாவெளிக்காரர் இன்று தாமாகவே எழுதியிருக்கிறார். மே மாதம் தொடங்கியதிலிருந்து இரவு ஏழு மணிக்குப் பிறகு டேட்டா ஆமை வேகமாம். காரணம் அவர் வீட்டைச் சுற்றி இருக்கும் அதே ஹோட்டல்கள். கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டெம்பர் வரை சீசன். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அங்கே இருக்கிற அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். புறாமலைத் தீவுக்குப் போய் வந்தவர்கள் எல்லாம் மீனுக்குப் பக்கத்தில் நீந்திய வீடியோவை ஒரே நேரத்தில் ஏற்றினால் அவருக்கு என்ன மிஞ்சும்? நள்ளிரவுக்குப் பிறகு நன்றாக இருக்கிறதாம். மலிவுப் பக்கேஜ்களில் பெரிய எழுத்தில் இருக்கும் டேட்டாவில் பாதி, நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கும் இராத்திரி டேட்டா என்பதை அவர் இப்போதுதான் வாசித்திருக்கிறார். ஆந்தைக்கு நல்ல பக்கேஜ்.

நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன்.

2023 செப்டெம்பர் 3

ஒரு வாகனத்துக்கு இவ்வளவுதான் எரிபொருள் என்று பங்கிட்ட கியூஆர் முறை போன வெள்ளியோடு முடிந்தது. இனி இந்தக் கதையைச் சொல்லலாம்.

2022 ஜூலையில் அந்த முறை வந்தபோது தம்பியின் ஓட்டோவை என் பெயரில், என்னிடம் இருந்த மூன்றாவது சிம் எண்ணில் பதிந்தேன். ஆம், மூன்றாவது. இதுவரை சொல்லவில்லை. வெட்கம். 2021இல் டேட்டா மலிவு என்று வாங்கி, பிறகு மறந்துபோன சிம் அது. இந்த வருடம் மாதக்கணக்காக அதற்கு ரீலோட் போடவில்லை. முற்கொடுப்பனவு சிம் என்பது வாடகை வீடு மாதிரி. ஆள் நடமாட்டம் இல்லையென்றால் பூட்டை மாற்றிவிடுவார்கள். ஜூனில் தம்பி கியூஆரைத் திரும்ப எடுக்க முயன்றான். ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் போகும். எண் செத்துக் கிடக்கிறது. நிறுவனத்தின் காரியாலயத்தில் "கெடு கடந்துவிட்டது" என்றார்கள். காகிதத்தில் அச்சடித்து ஓட்டோ கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய கியூஆர், வெயிலில் மங்கியது, அதை வைத்தே இரண்டு மாதம் ஓட்டினான். நிரப்பு நிலையத்தில் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையால் நிழல் பிடித்துக் காட்டினானாம். வீட்டுக்கு வந்து என்னோடு பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அந்த எண்ணில் வங்கிக் கணக்கும் பதிந்திருந்தது. அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

2023 செப்டெம்பர் 4

சரி, ஒரு வரி எழுதுகிறேன். எண்ணை விடுவதற்கு முன் வங்கிக்குப் போய் மாற்றுங்கள். விட்ட பிறகு போனால் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்க அரை நாள் போகும்.

2024 ஜனவரி 3

வற் வரி 1ஆம் திகதி முதல் 18 வீதம். கொப்பியில் புதிய பக்கம் திறந்தேன். மலிவு சிம் முந்நூறைத் தாண்டிவிட்டது. நிலாவெளிக்காரர் இருக்கிறாரா?

2024 ஜூலை 14

நிறுவனங்கள் ஒன்றாகிக்கொண்டு போவது நல்லதா என்று கேள்வி. ஐந்து இருந்தன. 2018இல் எடிசலாட்டும் ஹட்சும் சேர்ந்து நான்கு. சென்ற மாதம் எயார்டெல் இலங்கைக் கிளை டயலொக்கோடு சேர்ந்தது, இப்போது மூன்று. சிறிய நிறுவனத்தின் ஆட்களுக்குப் பெரிய நிறுவனத்தின் கோபுரங்கள் கிடைக்கும், அது இலாபம். விலை என்ன ஆகும்? மீன் ஏலத்தில் மூன்று வியாபாரிகள் மட்டும் நிற்கிற காலையில் பாரை மீன் என்ன விலைக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். மூவரும் முதல்நாள் ஒன்றாகத் தேநீர் குடித்திருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் போன் வியாபாரம் மீன் வியாபாரம் அல்ல, மீன் நாறும். பொறுத்துப் பார்க்கலாம்.

2024 நவம்பர் 30

நான்கு நாள் மழை. மின்சாரம் போனது, பிறகு சிக்னலும் போனது. கோபுரங்களுக்கு பற்றரி உண்டு, சில மணி நேரம் தாங்கும், பிறகு ஜெனரேற்றர் இருந்தால் உண்டு. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தபோதும் இதுதான் நடந்தது.

இம்முறை ஒரு வேடிக்கை. முதலில் படுத்தது பழைய சிம். மலிவு சிம் கிணற்றடியில் இன்னும் ஒரு நாள் உயிரோடு இருந்தது. குடை பிடித்துக்கொண்டு கல்லின் மேல் நின்று அம்மாவுக்கு அழைத்தேன். அவர் பக்கத்துக் கோபுரமும் படுத்துவிட்டது போலும், போகவில்லை. மறுநாள் விடிய ஒரு மிஸ்ட் கோல் வந்தது. ஒன்று. "சும்மா." அன்று அதைவிடப் பெரிய செய்தி வேறு இல்லை.

இரண்டு சிம் எதற்கு என்று கேட்டவருக்கு 2023 மார்ச்சில் நீளமாக ஒரு பதில் எழுதினேன். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலிவு சிம்மைக் குறைத்துப் பேசியதில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

2025 மார்ச் 8

செத்துப்போன மூன்றாவது எண்ணுக்கு இன்று அழைத்துப் பார்த்தேன். ஏன் என்று தெரியாது. மணி அடித்தது!

ஒரு பெண் எடுத்தார், சிங்களத்தில். எனக்கு வருவது சந்தைச் சிங்களம். எண்ணும் விலையும் வசவும் சரளம், மற்றதெல்லாம் தட்டுத் தடுமாறி. இது முன்பு என்னுடைய எண் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் உடனே, "அப்படியானால் மீன்காரர் நீங்களா?" என்று கேட்டார். குருநாகலில் இருக்கிறாராம். போன வருடம் வாங்கிய சிம்மாம். அதிகாலை ஐந்து மணிக்கு யாரோ தமிழில் அழைத்துப் பாரை, அறுக்குளா என்று மீன் விலை கேட்கிறார்களாம். தொடக்கத்தில் திட்டினாராம், பிறகு பழகிவிட்டதாம். அந்த எண்ணை எந்த வியாபாரிக்குக் கொடுத்தேன் என்று இப்போது நினைவில்லை. கொப்பியில் தேடவேண்டும்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் வைக்கப் போனவர், நிறுத்தி, உங்கள் ஊரில் பாரை உண்மையில் மலிவா என்று கேட்டார். அன்று காலை ஏல விலையைச் சொன்னேன். குருநாகலில் அவர் கொடுக்கிற விலையைச் சொன்னார். இருவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம்.

கொப்பியில் குறித்தது: வேறு வலையமைப்பு, நான்கு நிமிடம்.